தோற்பவருக்கு மட்டும் திறந்திருக்கும் மேசை

கடந்த மாரியில் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு பின்னேரம், கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் அம்மா ஒருவர் கேற்றடியில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "மகள், நீ பேப்பருக்கு எழுதுற பிள்ள, உனக்குத் தெரியும். கொழும்பில கடுதாசி விளையாடி, சட்டப்படியே காசு எடுக்கலாமாமே? இவன் சொல்றான்" என்று கேட்டார். கேட்கும்போது அவருடைய கை கழுத்துக்குப் போனது. கழுத்தில் சங்கிலி இல்லை.

'இவன்' அவருடைய ஒரே மகன். 23 வயது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி சிறு வித்தியாசத்தில் தவறியது. தகப்பன் 2007இல், படுவான்கரையில் சண்டை நடந்த மாதங்களில், காணாமல் போனவர். அப்போது இவனுக்கு 5 வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எஞ்சியிருந்த பெறுமதியான பொருள் அந்தச் சங்கிலி ஒன்றுதான். அதை அடகு வைத்து எடுத்த காசில் 15,000 ரூபா டெலிகிராம் குழு ஒன்றை நடத்தும் ஒருவருக்குப் போயிருந்தது. பிளாக்ஜாக் என்ற கடுதாசி விளையாட்டில் கணக்குப் போட்டு வெல்லும் முறையைக் கற்றுத்தருவதாகச் சொன்னவர் அவர். மிச்சம் 3 இலட்சத்தை எடுத்துக்கொண்டு தைப்பொங்கலுக்கு முன் கொழும்புக்குப் போவது என்பதுதான் தம்பியின் திட்டம்.

அவனை நான் முதலில் சந்தித்தபோது, திட்டுவேன் என்று நினைத்துத்தான் வந்திருந்தான். "அக்கா, இது சூது இல்ல. கணக்கு" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் ஆபத்தானது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கம் சீட்டு என்றால் சீட்டுப் பிடிப்பது, விளையாடுவது கடுதாசி. மட்டக்களப்பில் செத்த வீட்டு இரவுகளில் விடியும்வரை 304 ஆடாத ஊர் இல்லை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு நிறத்துக்கு 76 புள்ளி, நாலு நிறத்துக்கும் சேர்த்து 304. இதை ஆடுகிறவர்களுக்குத் தெரியும், விழுந்த கடுதாசியை மனதில் வைத்திருக்காதவன் அங்கே வெறும் கைதான். எந்த ஒன்பது போனது, யாரிடம் துரும்பு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பவனைக் கெட்டிக்காரன் என்போம். கள்ளன் என்று யாரும் சொல்வதில்லை.

பிளாக்ஜாக்கில் கணக்கு வைப்பதும் அடிப்படையில் இதேதான். கையில் உள்ள கடுதாசிகளின் கூட்டுத்தொகை 21க்குக் கிட்டப் போக வேண்டும், தாண்டக்கூடாது. பத்து, ஜாக், குயின், கிங் எல்லாம் 10. ஏஸ் 1 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். எதிரில் இருப்பவர் கசினோவின் ஊழியரான டீலர். அவருக்குச் சொந்தப் புத்தியைப் பாவிக்க அனுமதி இல்லை. 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும். கட்டில் பெரிய கடுதாசிகள் கூடுதலாக மிஞ்சியிருந்தால், 12இலும் 15இலும் நிற்கும் டீலர் இன்னொன்றை எடுத்து 21ஐத் தாண்டும் வாய்ப்புக் கூடும். அதோடு முதல் இரண்டு கடுதாசியும் ஏஸும் பத்துமாக வந்தால், ஆடுகிறவருக்கு வழமையாக ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்கு அப்படி வந்தால் ஒரு மடங்குதான். ஆகவே பெரிய கடுதாசிகள் மிஞ்சியிருக்கும் நேரம் ஆடுகிறவருக்கு நல்ல நேரம்.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க எல்லாக் கடுதாசியையும் பாடமாக்கத் தேவையில்லை. 2 முதல் 6 வரை ஏதாவது விழுந்தால் ஒன்றைக் கூட்டு. 7, 8, 9 விழுந்தால் சும்மா இரு. பத்து மதிப்புள்ளதோ ஏஸோ விழுந்தால் ஒன்றைக் கழி. வரும் எண்ணை, இன்னும் எத்தனை கட்டு மிச்சம் இருக்கிறதோ அதால் வகு. விடை பெரிதாகும்போது பந்தயத்தைக் கூட்டு, சிறிதாகும்போது குறை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில், பக்கத்தில் இருப்பவர் கதை கேட்கக் கேட்க, பிழையில்லாமல் மணிக்கணக்காக அதைச் செய்வதுதான் கஷ்டம். ஒரு கட்டு 52 கடுதாசியையும் 30 வினாடிக்குள் எண்ணி முடிப்பதை ஒரு ஆரம்பப் பரீட்சையாக இந்தத் தொழிலில் வைத்திருக்கிறார்கள். தம்பி என் மேசையில் செய்து பார்த்தான். 48 வினாடி. ஒரு பிழை.

இது புதிய இரகசியமும் இல்லை. 1956இலேயே நாலு அமெரிக்க இராணுவத்தினர் கணிப்பான்களை வைத்துக்கொண்டு, எந்தக் கையில் எடுக்க வேண்டும், எந்தக் கையில் நிற்க வேண்டும் என்ற அட்டவணையைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 1962இல் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர், எண்ணி ஆடினால் கசினோவை மிஞ்சலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். 'பீட் த டீலர்' என்ற அந்தப் புத்தகம் விற்றுத் தள்ளியது. பயந்துபோன லாஸ் வேகாஸ் கசினோக்கள் 1964 ஏப்ரலில் விளையாட்டின் விதிகளையே இறுக்கின. சாதாரண ஆட்கள் மேசைக்கு வருவதை நிறுத்தினார்கள். சில வாரங்களில் பழைய விதி திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்த டெலிகிராம் ஆசிரியர்கள் சொல்லித்தருவதில்லை. புத்தகத்தால் பிளாக்ஜாக் கசினோக்களுக்கு முன்னையதைவிடப் பெரிய வருமானமானது. தாங்களும் வெல்லலாம் என்று நம்பி ஆயிரம் ஆயிரமாய் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் புத்தகத்தை அரைகுறையாகப் படித்தவர்கள். அரைகுறையாக எண்ணுகிறவர், எண்ணத் தெரியாதவரைவிடக் கூடுதல் துணிவோடு கூடுதல் காசைப் போட்டுத் தோற்பார். கசினோவுக்கு அவர் நல்ல வாடிக்கையாளர்.

ஆக, உண்மையிலேயே கெட்டிக்காரரான ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அப்படிப்பட்டவர்களை எத்தனை தரம் நிறுத்துகிறார்கள்?

இதைக் கேட்க எனக்கு ஒருவர் கிடைத்தார். வாழைச்சேனைப் பக்கம் சொந்த ஊர். கொழும்பில் ஒரு கசினோவில் ஆறு வருடம் டீலராக இருந்துவிட்டு இப்போது ஊரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அவருடைய பெயரையோ அந்த இடத்தின் பெயரையோ எழுத வேண்டாம் என்றார். "ஆறு வருஷத்தில என்ர கண்ணுக்கு முன்னால மூண்டு பேர்" என்றார். "மூண்டு பேரும் வெளிநாட்டு ஆக்கள். எண்ணத் தெரியும் எண்டு வந்த ஆக்கள் எத்தின பேர் எண்டு கேட்டீங்கண்டா, அது கணக்கில்ல. அவையளுக்கு நாங்க சாப்பாடும் குடுத்து, வீட்ட கொண்டுபோய் விட வாகனமும் குடுத்தம்."

இது ஒரு ஆளின் ஞாபகம், புள்ளிவிபரம் இல்லை. ஆனால் உலகம் முழுக்க இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லப்படுவதோடு இது ஒத்துப்போகிறது. நிறுத்தப்படுகிறவர்கள் மிகச் சிலர், ஏனென்றால் நிறுத்தப்படும் அளவுக்கு ஆடத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்கோ நிறுத்தப்படுவது தினசரித் தொழிலின் ஒரு பகுதி. பெரிய பந்தயம் வைக்கிறவரானால் சில மணித்தியாலங்களிலேயே ஆள் வந்துவிடும். தொழிலாகவே செய்கிறவர்கள் ஊர் ஊராக, நாடு நாடாகத் திரிய வேண்டியிருப்பது அதனால்தான்.

வென்றால்தான் பிடிப்பார்கள் என்று தம்பி நினைத்திருந்தான். டீலராக இருந்தவர் சிரித்தார். வெற்றி தோல்வியை அவர்கள் பார்ப்பதே இல்லையாம். பந்தயம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். பத்து டொலர் வைத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நூறு வைக்கிறார். கடுதாசியைக் கலைத்ததும் திரும்பப் பத்துக்கு வருகிறார். மேலே கமராவில் பார்க்கிறவரும் அதே நேரம் எண்ணிக்கொண்டிருப்பார். எண் ஏறும் நேரமெல்லாம் பந்தயமும் ஏறினால் விசயம் முடிந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் ஆளைக்கூட இப்படி நிறுத்துவார்கள்.

நிறுத்துவதும் ஒரேயடியாக நடப்பதில்லை. முதலில், பாதி ஆட்டத்திலேயே கடுதாசியை மறுபடி கலைக்கச் சொல்வார்கள். அதோடு எண்ணி வைத்தது வீண். பிறகு, ஒரே தொகையைத்தான் வைக்கலாம் என்று சொல்வார்கள். அதற்கும் பிறகு ஒரு கோட் போட்டவர் பக்கத்தில் வந்து, மிக மரியாதையாக, மற்ற எந்த விளையாட்டும் ஆடுங்கள், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம் என்பார். கடைசிப் படி, இனி இந்த வாசலுக்கே வராதீர்கள் என்பது. இந்த மூன்றாம் படியை நினைத்துப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விதமாக இருக்கிறது. மற்ற எல்லா விளையாட்டிலும் நீ தோற்பாய் என்று தெரிந்தே அங்கே போய் ஆடச் சொல்கிறார்கள்.

இப்போது ஆளை நிறுத்த வேண்டிய தேவையும் குறைந்து வருகிறது. விளையாட்டையே மாற்றிவிட்டார்கள். ஒரு கட்டுக்குப் பதில் ஆறு, எட்டுக் கட்டுகள். விழுந்த கடுதாசியை உடனே திரும்ப உள்ளே இழுத்துக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம்; அதற்கு முன்னால் எண்ணுவதில் அர்த்தமில்லை. ஏஸும் பத்தும் வந்தால் ஒன்றரை மடங்கு கொடுத்த இடத்தில், ஐந்துக்கு ஆறு கொடுக்கும் மேசைகள். 10 டொலருக்கு 15 கிடைத்த இடத்தில் 12தான் கிடைக்கும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அது ஒன்றே எண்ணுகிறவருடைய முழு இலாபத்தையும் தின்றுவிடும். அட்டவணைப்படி பிழையில்லாமல் ஆடுகிறவர், நல்ல விதிகள் உள்ள மேசையில் 100 டொலருக்கு ஏறக்குறைய 50 சதம் இழப்பார். நன்றாக எண்ணுகிறவருக்கு அது தலைகீழாகி 1 டொலர் மட்டில் கிடைக்கும். இவ்வளவு சண்டையும் அந்த ஒரு டொலருக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மூளையால் எண்ணுவது எங்கும் மோசடியாகக் கருதப்படுவதில்லை. கருவி வைத்து எண்ணினால் கதை வேறு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அது குற்றம். ஆனால் குற்றமில்லை என்பதற்கும், ஆட விடுவார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் கசினோ ஒரு தனியார் இடம், பிடிக்காத ஆளை வெளியே போகச் சொல்லலாம் என்ற நிலைதான் இன்றும். அத்திலாந்திக் சிற்றியில் 1979இல் கென் உஸ்டன் என்பவரை ஒரு கசினோ இப்படி வெளியேற்றியது. அவர் வழக்குப் போட்டார். 1982இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொதுமக்களுக்கு என்று வாசலைத் திறந்து வைத்தால், தகுந்த காரணமில்லாமல் ஒருவரைத் தள்ளக்கூடாது. விளையாட்டு விதிகளைத் தீர்மானிப்பது அரச ஆணைக்குழு, எண்ணுகிறவரைத் தடுக்க அந்த ஆணைக்குழு விதி எதுவும் செய்யவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகும் அங்கே எண்ணுகிறவர்கள் பணக்காரர் ஆகிவிடவில்லை. வெளியேற்ற முடியாது என்றானதும் கட்டுகளைக் கூட்டினார்கள், அடிக்கடி கலைத்தார்கள். உரிமை கிடைத்தது. ஆட்டம் போனது.

அடுத்த கடலுக்கு அப்பால், இந்தியாவில் கதை எதிர்ப்பக்கமாகப் போனது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் காசு வைத்து ரம்மி ஆடியது தொடர்பான வழக்கில், 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, விழும் கடுதாசிகளை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் இணைய ரம்மிக்குத் தடை போட்டபோதும், 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது இதே திறமை வாதத்தில்தான். 2025 ஓகஸ்டில் இந்திய மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தடைசெய்தது. விழுந்த கடுதாசியை ஞாபகம் வைத்திருப்பது ஒரு நீதிமன்றத்தில் ஆட்டத்தைக் காப்பாற்றுகிறது; கசினோவில் அதே ஞாபகம் ஆளை வாசலுக்கு அனுப்புகிறது.

இதையெல்லாம் ஒரு நாள் இரவு அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கிரிஃபின் என்ற துப்பறியும் நிறுவனம், கசினோக்களுக்குப் பிடிக்காத ஆட்களின் படங்களைச் சேர்த்து ஒரு பெரிய புத்தகமாக விற்றுவந்தது. மோசடிக்காரரையும் வெறுமனே எண்ணுகிறவரையும் அதே புத்தகத்தில் போட்டது. ஒரு கசினோவில் ஒருவருடைய முகம் பதிவானால், ஊரில் உள்ள மற்றக் கசினோக்களும் வாசலிலேயே கண்டுபிடிக்கும். குற்றம் எதுவும் செய்யாத இரண்டு ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு வென்ற பிறகு, 2005இல் அந்த நிறுவனம் வங்குரோத்துக்குப் போனது. இப்போது புத்தகத்தின் வேலையை முகத்தை அடையாளம் காணும் கமராக்கள் செய்கின்றன.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அங்கயும் தலையாட்டி இருக்கிறானாக்கும்" என்றார்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வவுணதீவுச் சோதனைச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போய்வந்த மனிதர் அவர். சாக்கு மூடிய முகம் ஒன்று மேலும் கீழும் அசைந்ததைப் பார்த்தவர். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. அங்கே போன ஆட்கள் திரும்பவில்லை, இங்கே ஆளை அவருடைய காசோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் காரணம் சொல்லாமல், கேள்வி கேட்க இடமில்லாமல், யாரோ தூரத்திலிருந்து பார்த்து முடிவெடுப்பது என்றால் என்ன என்பதை அவருக்கு நான் ஒரு மணித்தியாலம் விளக்கியிருக்கத் தேவையில்லை.

இனிக் கொழும்புக்கு வருவோம். அங்கே தம்பியை யாரும் நிறுத்த வேண்டிய தேவையே இருந்திருக்காது.

பல வருடங்களாகக் கொழும்பில் நாலைந்து கசினோக்கள் இயங்கிவந்தன. 2025 ஓகஸ்டில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ், ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மெல்கோ நிறுவனமும் சேர்ந்து, பெரிய அளவில் திறக்கப்பட்டது. அதே வருடம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் உட்படப் பழைய சட்டங்களின் இடத்துக்கு அது வந்தது. வாவிக்கரையில் தென்னைக்குக் கீழே ஆயிரம் ரூபா வைத்து ஆடியவர்களைப் பொலிஸ் தூக்கிக்கொண்டு போன செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன். அவர்களைப் பிடித்தது அந்தப் பழைய சட்டம். கசினோவுக்குள் ஆடுகிறவருக்கு அந்தப் பயம் இல்லை. அவருக்கு வேறு ஒன்று இருக்கிறது: நுழைவு வரி. இலங்கைப் பிரசை ஒருவர் கசினோவுக்குள் போவதற்கு 50 டொலராக இருந்த வரி 2025இல் 100 டொலராக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 ரூபா. வெளிநாட்டவருக்கு இந்த வரி இல்லை.

நானும் தம்பியும் பழைய கல்லடிப் பாலத்தடியில் இருந்து இந்தக் கணக்கைப் போட்டோம். பின்னேரத்தில் காற்று வாங்க வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவனுடைய 3 இலட்சம், ஏறத்தாழ 1,000 டொலர். வாசலில் 100 போனால் 900. சராசரியாக ஒரு கைக்கு 25 டொலர் வைக்கிறான் என்று எடுத்தோம். மணித்தியாலத்துக்கு 70 கை. அவன் ஒரு பிழையும் விடவில்லை, மேசையின் விதிகள் நல்லவை, நூற்றுக்கு ஒன்று அவன் பக்கம் சாய்கிறது என்றும் எடுத்தோம். இவ்வளவும் கிடைத்தால் அவனுடைய எதிர்பார்க்கக்கூடிய வருமானம் மணித்தியாலத்துக்கு பதினேழரை டொலர். வாசலில் கட்டிய வரியை மீட்கவே கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம் வேண்டும். ஆறு மணித்தியாலம் முடிய 5 டொலர் மிஞ்சும்.

அதுவும் சராசரிதான். ஒரு நாளில் சராசரி வருவதில்லை. அந்த ஆறு மணித்தியாலத்தில், மேலேயோ கீழேயோ 600 டொலர் அளவுக்கு ஊஞ்சல் ஆடும். மூன்று தரம் போனால் ஒரு தரம் அதைவிடவும் கூடுதலாக ஆடும். 900 டொலரோடு இருப்பவருக்கு அந்த ஊஞ்சல் கீழே போகும் நாள்தான் முக்கியம். இந்தத் தொழிலில் நிற்கிறவர்கள், சராசரிப் பந்தயத்தைப்போல் பல நூறு மடங்கு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். தம்பியிடம் இருந்தது 36 மடங்கு.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான். அடுத்த நாள் காலை கொப்பியோடு வந்தான். முழு இரவும் போட்டிருந்தான். நுழைவு வரியை ஒரேயொரு தரம் மட்டும் கட்டி, பிறகு அதே பந்தயத்தில் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தாலும், இப்படி 900 டொலரோடு தொடங்கும் 100 பேரில் ஏறக்குறைய 58 பேர் வெறுங்கையோடு முடிப்பார்கள் என்று வந்திருந்தது. அத்தனை பேரும் பிழையில்லாமல் எண்ணுகிறவர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் 100 டொலர் கட்டினால் கணக்கு எங்கே போகும் என்பதை அவன் எழுதவில்லை. ஒரு கோடு கீறி விட்டிருந்தான். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது, வெட்டுப்புள்ளி கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

போனில் ஆடலாமே, அதற்கு வாசல் வரி இல்லையே என்று அந்த டெலிகிராம் குழுவில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. நேரடி ஒளிபரப்பில் டீலர் ஒருவர் கடுதாசி போட, நாங்கள் இங்கே இருந்து பந்தயம் வைப்பது. அங்கே வழமையாக எட்டுக் கட்டு, அதிலும் பாதி வந்ததும் மாற்றிவிடுவார்கள். எண்ணி வரும் இலாபம் அநேகமாகப் பூச்சியம். எந்தத் தீவிலோ பதிவான இணையத்தளம் வென்ற காசைத் தரமறுத்தால், முறையிட மட்டக்களப்பில் ஒரு கந்தோரும் இல்லை. அந்த யோசனையைச் சொல்கிறவருக்கு, சேரும் ஒவ்வொரு ஆளுக்கும் தளத்திலிருந்து தரகு கிடைக்கும். இப்படியான இணைப்புகளுக்குத் தோற்கிறவருடைய காசில் ஒரு பங்கு போவது இந்த வியாபாரத்தில் வழமை. குழுவில் வந்த இணைப்பின் கடைசியில் ஒட்டியிருந்த இலக்கத்தைத் தம்பிதான் எனக்குக் காட்டினான்.

கடைசியில் அவன் கொழும்புக்குப் போகவில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, கீழே ஒரு கேள்வியோடு டெலிகிராம் குழுவில் போட்டான். வரியையும் கையிருப்பையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முறை எப்படிச் சரிவரும், சேர் என்பதுதான் கேள்வி. கோபமாக எழுதவில்லை. எனக்குக் காட்டினான், மரியாதையாகத்தான் இருந்தது.

"என்ன பதில் வந்த?" என்று கேட்டேன்.

"பதில் வரல்ல. குழுவில இருந்து தூக்கிட்டாங்க."

"எவ்வளவு நேரத்தில?"

"நாலு நிமிசம், அக்கா."

15,000 ரூபா திரும்பி வரவில்லை. சங்கிலியை மீட்கப் போனபோது அந்தத் தொகையும் வட்டியும் குறைந்தது. அம்மா கச்சான் கோது உடைக்கும் வேலைக்கு இரண்டு மாதம் கூடுதலாகப் போனார். தம்பி இப்போது நாவற்குடாவில் ஒரு டியூஷன் வகுப்பில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறான். நிகழ்தகவுப் பாடத்துக்குக் கடுதாசிக் கட்டைக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் கேட்டான். பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறானாம்.